மரக்கன்று நட்டால் கணக்குத் தீர்ந்ததா?



ஆண்டுதோறும் ஜூன் 5 வந்துவிட்டால் ஒரு காட்சியைக் காண்கிறோம். அதிகாரி காரிலிருந்து இறங்குகிறார். ஏற்கெனவே தோண்டி வைத்த குழியில், ஏற்கெனவே வாங்கி வைத்த மரக்கன்றை நடுகிறார். நாலு பேர் தாங்கிப் பிடிக்க ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார். போட்டோ எடுக்கிறார்கள். ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுக்கிறார்கள். புவி வெப்பமயமாதலை முறியடிப்போம் என்று உறுதிமொழி வாசிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கன்று இருந்த இடத்தில் ஆடு நிற்கிறது!

இது அரசாங்கத்தின் நாடகம். நம் சமுதாயத்தின் நிலை என்ன?

பயான் முடிந்து வெளியே வந்தால் பெரியவர் ஒருவர் சொல்கிறார்: "இதெல்லாம் கியாமத் நாளின் அடையாளம் ஹஜ்ரத், நம்மால் என்ன ஆகப் போகிறது?" பக்கத்தில் நிற்கும் வியாபாரி சொல்கிறார்: "வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை இது. நம் தொழிலை மூட வைக்கும் சூழ்ச்சி." கல்லூரியில் படிக்கும் தம்பி சொல்கிறார்: "அமெரிக்காக்காரன் செய்த பாவத்துக்கு நாம் ஏன் அழ வேண்டும்?"

அதிகாரி எல்லாச் சுற்றுச்சூழல் கேட்டையும் புவி வெப்பத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு மேல் ஒரு மரக்கன்றை வைத்து வேலை முடிந்தது என்கிறார். நம்மவர்களோ அதே மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கி எறிகிறார்கள். இந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். எந்தக் கேட்டை ஒழித்தால் பூமியின் சூடும் குறையும், எதை ஒழித்தால் குறையாது, எதை ஒழிக்கப் போய் சூடு கூடிவிடும் என்று தெரிந்துகொள்ளாமல் நாம் போராடவும் முடியாது, தொழில் நடத்தவும் முடியாது.

காயல்பட்டினமும் மக்காவும்

நம்மைத் தொடாத பிரச்சினை என்று இனி எவரும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் சராசரி மழையை விட இது அதிகம். ஆலிம்களும் ஹாபிழ்களும் நிறைந்த அந்த ஊர் தண்ணீரில் தத்தளித்ததை நாம் அறிவோம்.

மறு ஆண்டு 2024 ஹஜ்ஜின்போது மஸ்ஜிதுல் ஹராம் பகுதியில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணமடைந்ததாக சவூதி அரசே அறிவித்தது. (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) இறந்தவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி பெறாமல் வந்ததால் கூடாரமும் குளிர்ந்த இடமும் கிடைக்காமல் வெயிலில் நடந்த ஏழைகள். வெயில் எல்லோருக்கும் பொதுதான். நிழல் பொதுவாக இல்லை!

ஒரு மழையையோ ஒரு வெயிலையோ காட்டி இது புவி வெப்பத்தால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்லக் கூடாது. நேர்மையான விஞ்ஞானி எவரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும் என்பது சோதித்து அறிந்த விதி. வானம் கூடுதலாகச் சுமந்தால் கூடுதலாகக் கொட்டும். 2024ஆம் ஆண்டு பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தை விட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. அளந்து பார்த்த ஆண்டுகளிலேயே அதுதான் மிகச் சூடான ஆண்டு.

கியாமத் அடையாளம் என்று கையைக் கட்டி உட்காரும் பெரியவருக்கு ஒன்று சொல்கிறோம். மறுமை நெருங்கிவிட்டது என்பதற்காக எவரும் கடையை மூடிவிடவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதை நிறுத்தவில்லை. கையில் ஒரு செடி இருக்கும்போது இறுதி நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்ன தூதரின் (ஸல்) உம்மத் நாம்.

அழுக்கு வேறு, போர்வை வேறு

சாக்கடை நாறும். புகை கண்ணை எரிக்கும். சாயத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பூமியைச் சூடாக்கும் முதல் குற்றவாளியான கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நீங்களும் நானும் மூச்சு விடும்போது வெளியே வருவதும் அதுதான். அது பூமிக்கு மேல் ஒரு போர்வை. போர்வை இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். அல்லாஹ் அளவோடுதான் போர்த்தியிருந்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த இந்த வாயு, நிலக்கரியையும் பெட்ரோலையும் டீசலையும் எரித்து எரித்து இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. போர்வை கனத்துப் போனது. ஒரு முறை மேலே போன கரியமில வாயுவில் பெரும் பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். உங்கள் வாப்பாவின் வாப்பா காலத்து நீராவி ரயிலின் கரி இன்றும் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது.

இப்போது பிளாஸ்டிக் பைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. நல்ல சட்டம். சாக்கடை அடைக்காது, மாடு தின்று சாகாது, மழைத் தண்ணீர் தெருவில் நிற்காது. கடைக்காரர்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும் என்றே சொல்வோம். ஆனால் அதனால் பூமியின் சூடு குறைவது மிக மிகச் சொற்பம். பையை நிறுத்திவிட்டு, அதே கடையின் வாசலில் நாள் முழுதும் டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டால் வானத்துக்கு என்ன லாபம்?

மதரஸாவில் முதல் ஆண்டு ஓதும் பிள்ளைக்கும் இது விளங்கும். ஆடையில் பட்ட நஜீஸைக் கழுவுவது கடமை. ரமளானில் நோன்பு நோற்பதும் கடமை. ஆடையைக் கழுவிவிட்டேன், எனவே நோன்பு நிறைவேறிவிட்டது என்று எவராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? இன்றைய அரசாங்க விழாக்களில் பேசப்படுவது இந்த ஃபத்வாதான்!

ஒரே அடுப்பில் இரண்டு நெருப்பு

அப்படியானால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதுவும் பெரிய அளவில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நம் நுரையீரலைக் கெடுப்பதும் பூமியைச் சுடுவதும் ஒரே அடுப்பிலிருந்து கிளம்புபவை.

அந்த ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழாயிலிருந்து கரியமில வாயுவும் வருகிறது, கருப்புக் கரித்தூளும் வருகிறது. கரித்தூள் உங்கள் கடைப் பையனின் நெஞ்சில் படிகிறது. காற்றில் மிதக்கும் சில நாட்களுக்குள் வெயிலை உறிஞ்சிச் சூட்டையும் கூட்டுகிறது. கூரையில் சூரிய மின்தகடு போட்டு அந்த ஜெனரேட்டரை நிறுத்தினால் கடைப் பையனின் நெஞ்சும் பிழைக்கும், வானமும் பிழைக்கும், டீசல் காசும் மிஞ்சும். மூன்றாவது காரணத்துக்காகச் செய்தாலும் முதல் இரண்டும் தானாக நடந்துவிடும். வியாபாரிக்கு இதை விட நல்ல பேரம் கிடைக்குமா?

குப்பை மேட்டைப் பாருங்கள். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பை மேடு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. சோறும் காய்கறியும் கறிக்கழிவும் குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு சூடேற்றும் வாயு இது. அதன் ஆயுள் 12 ஆண்டு அளவுதான். எனவே இன்று அதைக் குறைத்தால் நம் ஆயுட்காலத்திலேயே பலனைப் பார்க்கலாம்.

அந்தச் சோறு எங்கிருந்து வந்தது? ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். நம் வலீமா விருந்துகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! சஹனில் குவிக்கும் பிரியாணியில் எத்தனை பங்கு இலையோடு போகிறது? மஹரைக் குறைக்கப் பேரம் பேசும் குடும்பம்கூட தேக்ஸாவைக் குறைக்கச் சம்மதிப்பதில்லை. விரயம் செய்பவனை அல்லாஹ்வின் வேதம் யாருக்குச் சகோதரன் என்று சொல்கிறது என்பது மணமகனுக்கும் தெரியும், மாமனாருக்கும் தெரியும். நிகாஹ் குத்பாவில் அதை ஓதிய ஹஜ்ரத்துக்கும் தெரியும். அவரும் அடுத்த பந்தியில் உட்கார்ந்திருப்பார்.

ஏ.சி. விஷயம் இன்னும் விசித்திரமானது. ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை எல்லாவற்றிலும் ஏ.சி.; இப்போது பள்ளிவாசல்களிலும் ஏ.சி. பழுது பார்க்க வரும் மெக்கானிக் பல நேரம் உள்ளே இருக்கும் பழைய கேஸை அப்படியே காற்றில் திறந்து விடுகிறார். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் அது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். சராசரி இந்தியர் ஒருவரின் பெயரில் ஓராண்டு முழுவதும் எழுதப்படும் நிலக்கரி, எண்ணெய்ப் புகையின் அளவும் அதுதான்! ஒரு 'உஸ்' சத்தத்தில் ஒரு மனிதனின் ஓராண்டுக் கணக்கு. கேஸை உருளையில் பிடித்து வைக்கும் கருவி இருக்கிறது. பிடித்து வைத்தால்தான் கூலி என்று நீங்கள் சொன்னால் மெக்கானிக் பிடித்து வைப்பார்.

உலகம் கூடி முடிவெடுத்தால் நடக்காது என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பழைய பிரிட்ஜ் கேஸ்கள் ஓசோன் படலத்தை அரித்தன. 1987இல் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் போட்டு அவற்றை ஒழித்தார்கள். அவையே பூமியைச் சூடேற்றும் கேஸ்களாகவும் இருந்ததால், ஓசோனைக் காக்கப் போட்ட ஒப்பந்தம் புவி வெப்பத்தையும் கணிசமாகத் தடுத்துவிட்டது. அவற்றுக்குப் பதிலாக வந்த கேஸ்கள் ஓசோனை அரிக்காவிட்டாலும் சூடேற்றின; அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்பாடு கண்டார்கள்.

பாலாறு சொல்லும் பாடம்

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டைச் சகோதரர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தோல் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்ட தொழில். கல்லூரி கட்டிய தொழில், மதரஸா நடத்திய தொழில். இந்தத் தொழிலை நம்மவர் செய்கிறார்கள் என்பதற்காகவே அதை வெறுக்கும் கூட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அவர்களுக்குப் பாலாற்றின் மீது பாசம் கிடையாது. ஆனால் அவர்கள் கையில் தடியை எடுத்துக் கொடுத்தது யார்?

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஆய்வு ஒன்று கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்நாட்டின் சட்டமாக்கியது அந்தத் தீர்ப்புதான். நம் ஃபிக்ஹு கிதாபுகளில் 'ளமான்' என்ற தலைப்பில் இதைத்தானே ஓதினோம்? நமக்கு நீதிமன்றம் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது!

28 ஆண்டுக்கும் மேல் கழித்து 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கினார்கள். 10 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இந்தப் பாலாறு நாசத்துக்கும் புவி வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக எதுவும் இல்லை. உப்பும் குரோமியமும் நிலத்தைக் கொல்லும், வானத்தைச் சூடாக்காது. ஆனால் அதைச் சரிசெய்ய நாம் கைக்கொண்ட வழியைப் பாருங்கள், அங்கேதான் சம்பந்தம் வருகிறது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்புப் போடுகிறோம். தோல் ஷாப்பில் ஊறப்போடும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைகிறது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்ததும் என்ன செய்தோம்? கழிவு நீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் தள்ளினோம், அதற்கு மின்சாரம். மிஞ்சிய கடும் உப்பு நீரை எவாப்பரேட்டரில் காய்ச்சினோம். அதற்குக் கொதிகலனில் விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். கடைசியில் எவருக்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. மண்ணுக்குப் போன விஷத்தைத் தடுக்க வானத்துக்குப் புகை அனுப்புகிறோம்! திருப்பூர் சாயப்பட்டறைகளும் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டுத் திறந்த பின் இதே பாதையில்தான் போயின.

இதைக் கேட்டதும் முதலாளி ஒருவர் துள்ளிக் குதிக்கலாம். "பார்த்தீர்களா, சுத்திகரிப்பால் பூமி சூடாகிறது, ஆகவே பழையபடி ஆற்றில் விட்டுவிடுவோம்!" வேண்டாம் பாய். இந்தச் சாக்கு உங்களுக்கு முன்பே டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. நிலக்கரி மின் நிலையங்கள் கந்தகப் புகையை வடிகட்டும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கெடு மேல் கெடு நீட்டித்துவிட்டு, 2025 ஜூலையில் பெரும்பான்மையான நிலையங்களுக்கு அந்தக் கடமையிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டது. அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று, வடிகட்டும் கருவி ஓடினால் கரியமில வாயு கூடும் என்பது! பூமியின் மீது இவ்வளவு கரிசனம் உள்ளவர்கள் நிலக்கரியைக் குறைக்கலாமே. அதைச் செய்ய மாட்டார்கள். ஒரு தீமையைக் காட்டி இன்னொரு தீமைக்கு லைசென்ஸ் வாங்குகிறார்கள்.

அதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கின்றன. 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, அதுவரை மறைந்திருந்த சூட்டில் கொஞ்சம் வெளிப்பட்டது. அதற்காகப் பிள்ளைகள் கந்தகத்தைச் சுவாசிக்கட்டும் என்று சொல்ல முடியுமா? காய்ச்சல்காரனுக்கு விஷம் கொடுத்து உடம்பு குளிர்ந்துவிட்டது என்று சொல்லும் வைத்தியம் அது. கந்தகமும் வராமல் கரியும் வராமல் இருக்க ஒரே வழி, நிலக்கரி அடுப்பையே படிப்படியாக அணைத்துச் சூரிய வெளிச்சத்துக்கும் காற்றாலைக்கும் மாறுவது.

தோலுக்கும் அதே நியாயம்தான். கழிவு பிறந்த பிறகு காய்ச்சாதே, பிறக்கும்போதே குறை. ஊறப்போடும் முன் தோலிலிருந்து உப்பை உதறி எடுத்தாலே ஒரு பங்கு உப்பு தண்ணீருக்குப் போகாது. அறுத்த இடத்திலேயே தோலைக் குளிரூட்டி உடனே ஷாப்புக்கு அனுப்பினால் உப்பின் தேவையே குறைகிறது. சூரிய மின்சாரத்தில் குளிரூட்டினால் இன்னும் நல்லது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையை அவர்கள் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார்கள். தண்ணீரில் உப்பும் குரோமியமும் குறைந்தால் காய்ச்ச வேண்டியதும் குறையும், விறகும் குறையும். அப்போதுதான் பாலாறும் பிழைக்கும், வானமும் பிழைக்கும். இடையில் நம் மதரஸாக்கள் குர்பானித் தோலைக் கையாளும் முறையும் மாற வேண்டும். வாங்க ஆளில்லாமல் பல ஊர்களில் அதைப் புதைக்கும் நிலை வந்திருக்கிறது. அங்கேயும் அழுகி மீத்தேன்தான்.

கப்பலில் ஓட்டை போடுபவன் யார்?

கல்லூரித் தம்பிக்கு வருவோம். அமெரிக்காக்காரன் பாவம் என்கிறீர்கள். உண்மை! இதுவரை உலகம் எரித்துக் குவித்த கரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவின் கணக்கு. இன்றும் அங்கே ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 14 டன், இங்கே சுமார் 2 டன். அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று அவர்களின் அதிபர் கையெழுத்துப் போட்டார். 2022 வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோரை இழந்த பாகிஸ்தான் அந்தப் போர்வையில் போட்ட நூல் எத்தனை? சொல்லப்போனால் ஒன்றுமில்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும், புகாரியில் பதிவான கப்பல் உவமையை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக ஓட்டை போட முயன்றால் மேல்தளத்தார் தடுக்க வேண்டும், இல்லையேல் எல்லோரும் மூழ்குவார்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இன்றைய கப்பலில் துளை போடுபவன் மேல்தளத்தில் அமர்ந்திருக்கிறான். தண்ணீர் முதலில் ஏறுவது கீழ்த்தளத்தில். அந்த மேல்தளத்தில் கோட்டு சூட்டு மட்டும் உட்காரவில்லை, தம்பி. நம் அரபு மன்னர்களின் தோபும் அங்கே வெள்ளை வெளேரென்று தெரிகிறது. 2023இல் துபாயில் நடந்த பருவநிலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அபுதாபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவர்! நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு எத்தனை ஆடு கேட்கும்?

எனவே அமெரிக்காவையும் கேட்போம், ரியாதையும் கேட்போம், டெல்லியையும் கேட்போம். ஆனால் அவர்களைக் கேட்பதற்காக நம் தெருவின் சாக்கடைக்கு விலக்குக் கிடைக்குமா? மேல்தளத்தான் துளை போடுகிறான் என்பதற்காகக் கீழ்த்தளத்தானும் தன் பங்குக்கு ஒரு துளை போட்டால் அது நீதியாகுமா? தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்ற விதியின் மீதுதானே எத்தனையோ ஃபிக்ஹுச் சட்டங்கள் நிற்கின்றன?

சூழ்ச்சி என்று சொல்லும் வியாபாரிக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பா 2023 அக்டோபர் முதல் தன் நாடுகளுக்குள் வரும் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்றவற்றுக்குக் கரிக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. தன்னுடைய பழைய பாக்கியைக் கட்டாதவன் நம்மிடம் வட்டிக் கணக்குக் கேட்பது அநியாயம்தான். அதை நாம் எதிர்க்கிறோம். தோலை அந்தப் பட்டியலில் சேர்க்காமல்தான் தொடங்கினார்கள். நாளை சேர்த்தால்? அன்றைக்கு அநியாயம் என்று கூச்சலிடும்போது நம் கணக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டாமா?

மறுமையில் திவாலாகி நிற்பவன் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கிய ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு வந்தவன். ஆனால் பிறரைத் திட்டியும் அடித்தும் பொருளை விழுங்கியும் வந்தவன். அவனது நன்மைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கு போடப்பட்டுத் தீர்ந்துவிடும். பாலாற்றங்கரையில் கிணறு உப்பாகி, நிலத்தை விற்று, கூலிக்குப் போன விவசாயி அன்று வரிசையில் நிற்பார். அவர் முஸ்லிமா இல்லையா என்று எவரும் கேட்கப் போவதில்லை. அதே தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டியில் இறங்கிய தலித் சகோதரரும் நிற்பார். ஐந்தாவது உம்ராவின் ரசீதைக் காட்டி அவர்களைச் சமாளிக்க முடியாது. ஹக்குல் இபாத் சம்பந்தப்பட்டவர் மன்னித்தால்தான் தீரும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் தப்ப முடியாது. அண்ணலார் (ஸல்) உளூச் செய்தது ஒரு முத்து தண்ணீரில். இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. நம் ஹவ்ளைத் தூர்த்துக் குழாய் வைத்தோமே, ஒரு உளூவுக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று எந்த முத்தவல்லியாவது அளந்ததுண்டா? ஒவ்வொரு லிட்டரும் மோட்டாரில் மின்சாரம் செலவழித்து ஏறிய தண்ணீர். குழாயை மாற்ற ஆகும் செலவு ஒரு மீலாது மேடைப் பந்தலுக்கு ஆகும் செலவில் கால் பங்கு கூட வராது. (மீலாது மேடை தேவையா என்ற சர்ச்சைக்கு இப்போது நான் போகவில்லை!)

வடசென்னைச் சகோதரர்கள் கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025இல் மற்ற மக்களோடு தெருவுக்கு வந்தார்கள். பாராட்டுகிறோம். குப்பையைப் பிரிக்காமல் எரித்தால் மீத்தேன் போய்க் கரியமில வாயு வரும், கூடவே நச்சுப் புகையும் வரும். ஆனால் எரிஉலை வேண்டாம் என்று கோஷம் போட்ட அதே தெருவில் கறிக்கடைக் கழிவும் காகிதமும் ஒரே தொட்டியில் விழுந்தால் நம் கோஷத்துக்கு மதிப்பில்லை. மஹல்லாவுக்கு ஒரு உரக்குழி போதும். இளைஞர் அணி இதை எடுத்துச் செய்ய வேண்டும். கொடி கட்டுவதை விட இது கஷ்டமான வேலைதான், தெரிந்தே சொல்கிறோம்.

பாலாற்றுப் பகுதி ஜமாஅத்துகளுக்குத் தனியாக ஒரு வேலை. உங்கள் பகுதிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதம் எத்தனை டன் விறகோ நிலக்கரியோ எரிகிறது, மின்சாரம் எத்தனை யூனிட், கலப்பு உப்பு எத்தனை மூட்டை எங்கே கிடக்கிறது, உறுப்பினர் ஷாப்புகளில் எத்தனை பேர் உப்பை உதறிய பின் தோலை ஊறப்போடுகிறார்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அங்கே இயக்குநர்களாக இருப்பவர்களில் பலர் உங்கள் பள்ளியில் முதல் சஃப்பில் நிற்பவர்கள்தான். பதில் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். வந்த பதிலின் நகலை நமக்கு அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், ஷாப் உரிமையாளர் எவராக இருந்தாலும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.